ஒல்லியாக இருப்பவருக்குக் கொழுப்பு இருக்காதா?

நம் ஊர்களில் ஒரு மௌத் செய்தி வந்தால், மய்யித்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஆளு ஒல்லியாத்தானே இருந்தாரு! தொப்பை கூட கிடையாதே. அவருக்கு எப்படி ஹார்ட் அட்டாக் வந்துச்சு?"

லப்பைக்குடிகாடு, வி.களத்தூர், அரும்பாவூர் என்று பெரம்பலூர் மாவட்டத்து ஊர்களிலும் சரி, அரியலூர் பக்கத்திலும் சரி, இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. வளைகுடாவிலிருந்து நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்புகளிலும் இதே ஆச்சரியம்தான். 40 வயது, 45 வயது. நல்ல உழைப்பாளி. உடம்பில் சதை இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றார், கேஸ் என்று நினைத்தார், போய்விட்டார்.

இந்த ஆச்சரியத்துக்குள் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கொழுப்பு என்பது குண்டாக இருப்பவர்களின் பிரச்சினை, மெலிந்தவர்களுக்கு அது வராது என்ற நம்பிக்கை. அதனால்தான் மெலிந்தவர்கள் இரத்தப் பரிசோதனைக்கே போவதில்லை. வீட்டில் உள்ளவர்களும் அவர்களைப் போகச் சொல்வதில்லை. இந்த நம்பிக்கை ஏன் தவறு, நம் குடும்பங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

வயிற்றுக் கொழுப்பு வேறு, இரத்தக் கொழுப்பு வேறு

தோலுக்குக் கீழே சேரும் கொழுப்பு கண்ணுக்குத் தெரியும். இரத்தத்தில் ஓடும் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

கொலஸ்ட்ரால் என்பது விஷம் அல்ல. ஒவ்வொரு செல்லின் சுவருக்கும் அது வேண்டும். ஹார்மோன்களும் பித்தநீரும் உருவாக அது வேண்டும். நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. கல்லீரலும் மற்ற செல்களும் அதைத் தயாரிக்கின்றன. ஆகவே "நான் கறியே சாப்பிடுவதில்லை, எனக்கு எப்படி வரும்?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. எனவே இரத்தத்தில் அது தனியாகப் போக முடியாது, புரதத்தால் ஆன வண்டிகளில் ஏறித்தான் போக வேண்டும். எல்.டி.எல். என்ற வண்டி கொலஸ்ட்ராலை உடம்பு முழுவதும் கொண்டுபோகிறது. அளவு மிஞ்சினால் இரத்தக் குழாயின் உட்சுவரில் அதை இறக்கிவிடுகிறது. எச்.டி.எல். மீதியை அள்ளிக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. டிரைகிளிசரைடு என்பது, உடம்பு செலவு செய்யாத சக்தியைச் சேமித்து வைக்கும் கொழுப்பு. எண்ணெயிலிருந்து மட்டும் இது வருவதில்லை. தேவைக்கு மேல் சாப்பிடும் சோறு, பரோட்டா, சர்க்கரை எல்லாவற்றையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றும்.

குழாயில் எல்.டி.எல். இறக்கிவிட்ட கொழுப்பு வருடக்கணக்கில் படிவாகிறது. இதில் வலி இல்லை, மயக்கம் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம்.

ஒரே எடை, இரண்டு உடம்பு

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யூட்கின் ஆகிய இருவரும் 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் தங்கள் புகைப்படத்தையே ஆய்வுச் செய்தியாக வெளியிட்டார்கள். பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த ஆங்கிலேயர் மாரத்தான் ஓடுபவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் செய்தி தெளிவானது. எடை இயந்திரம் மொத்தக் கிலோவைத்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று காட்டாது. நம்மவர்களில் பலருக்குக் கை கால் மெலிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும், கொழுப்போ வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றி இருக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் இந்தக் கொழுப்புதான் டிரைகிளிசரைடை ஏற்றுகிறது, எச்.டி.எல்.லைக் குறைக்கிறது, சர்க்கரை நோய்க்கும் வழி செய்கிறது.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புனே பகுதியில் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைவு. ஆனால் எடையில் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. குறைந்தது பெரும்பாலும் தசைதான். மெலிந்த உடம்புக்குள் கொழுப்பு என்பது நம் மண்ணில் தாய் வயிற்றிலிருந்தே வரும் கதை.

இதனால்தான் இந்தியர்களுக்கான அளவுகோலையே மருத்துவர்கள் மாற்றியிருக்கிறார்கள். மற்ற நாட்டவருக்கு பி.எம்.ஐ. 25 வரை சரி என்றால் நமக்கு 23க்குள் இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பது நல்லது. வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கவனம் தேவை. 165 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவரின் பி.எம்.ஐ. 22, பார்வைக்கு ஒல்லி. ஆனால் இடுப்பு 88 சென்டிமீட்டர் இருந்தால் அவர் ஒல்லி அல்ல, ஒல்லியாகத் தெரிபவர்.

"மொத்தம் 200க்குள் இருக்கிறதே!"

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த பெரிய ஆய்வு ஒன்றின் முதல் கட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. 2014இல் வெளியான அதன் முடிவுப்படி, நூறு பேரில் 79 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்களோ 13.9 சதவீதம் மட்டுமே.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். "கொலஸ்ட்ரால் பார்த்தேன், மொத்தம் 200க்குள்தான்" என்று நிம்மதியாகத் திரும்புகிற பெரும்பாலானோருக்கு வேறு இடத்தில் கோளாறு இருக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒருவருடைய ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணைப் பார்த்தால் நார்மல். ஆனால் 190இலிருந்து எச்.டி.எல். 32ஐக் கழித்தால் 158. இதை "நான் எச்.டி.எல்." என்பார்கள், குழாயில் படியக்கூடிய எல்லாக் கொழுப்பும் சேர்ந்த கணக்கு இது. ஆபத்து குறைந்த ஆளுக்கே இது 130க்குள் இருக்க வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இவருக்கு 28 கூடுதல். நல்ல கொழுப்பு குறைவு, டிரைகிளிசரைடு அதிகம், மொத்தம் மட்டும் நார்மல். நம் நாட்டு ஒல்லி மனிதர்களிடம் அடிக்கடி காணப்படும் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் இவற்றைப் பாருங்கள்:

எல்.டி.எல். ஆபத்து குறைந்தவர்களுக்கு 100க்குள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கு 70க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55க்குள்.

டிரைகிளிசரைடு 150க்குள். 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது, மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கு மேல், பெண்களுக்கு 50க்கு மேல்.

இவற்றோடு வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இன்னொன்று லிப்போபுரோட்டீன் ஏ. இது முழுக்க முழுக்கப் பரம்பரையாக வருவது. எடையும் சாப்பாடும் இதைப் பெரிதாக மாற்றுவதில்லை. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இந்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரைக் கொழுப்பும் சொந்தத் திருமணமும்

மெலிந்தவருக்கு எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் அது சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைக் கல்லீரல் பிடித்து உள்ளே இழுக்க அதன் மேல் கொக்கிகள் போன்ற ஏற்பிகள் உண்டு. இவர்களுக்கு அந்தக் கொக்கிகள் பிறவியிலேயே பழுது. இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இது அபூர்வ நோய் அல்ல. உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

தாய், தந்தை ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்குமே இருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரட்டிப்பாக வரும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி வயதிலேயே முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம்.

நம்மிடம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது வழக்கம். இது ஒரு சமுதாயத்தின் வழக்கம் மட்டும் அல்ல, தமிழ்நாட்டில் கால் பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவரும் அதே பழுதைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். யார் மனதையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் 55 வயதுக்குள் ஆண்களோ 65 வயதுக்குள் பெண்களோ மாரடைப்பில் போயிருந்தால், நிக்காஹ் பேச்சு எடுக்கும் முன் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு கொழுப்புப் பரிசோதனை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஜவுளிக்கு ஆகும் செலவில் அது ஒரு துளி.

கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் படிவு, குதிகால் நரம்பு தடித்திருப்பது, 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் ஆகியவையும் இதன் அடையாளங்கள்.

பரம்பரை தவிர வேறு காரணங்களும் மெலிந்தவர்களுக்கு உண்டு. தைராய்டு சுரப்பு குறைவது, சிறுநீரகத்தில் புரதம் கசிவது, கட்டுப்படாத சர்க்கரை, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை. புகைபிடிப்பது எச்.டி.எல்.லைக் குறைக்கும். இன்னொன்று, எடை குறைக்க வேண்டிய தேவையே இல்லாத ஒல்லியானவர்கள் சிலர் பேலியோ என்று அரிசியை அறவே நிறுத்திவிட்டுக் கறி, வெண்ணெய், நெய் மட்டும் சாப்பிடுகிறார்கள். இவர்களில் சிலருக்கு எல்.டி.எல். மிகக் கடுமையாக ஏறுகிறது. அந்த உணவில் இருப்பவர்கள் இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடரக் கூடாது.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

பெருநாள் பிரியாணியும் வலீமா நெய்ச்சோறும்தான் குற்றவாளி என்று நினைக்கிறோம். வருடத்தில் சில நாள் சாப்பிடுவது அல்ல, தினமும் சாப்பிடுவதுதான் இரத்தத்தைத் தீர்மானிக்கிறது.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர், கடையில் நிற்பவர், வளைகுடாவில் ஷிப்ட் பார்ப்பவர் ஆகியோரின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை. இதுவே 40 முதல் 50 கிராம் சர்க்கரை. பசி தீர இரண்டு பரோட்டா, டீயோடு வடை அல்லது சமோசா, இரவு பத்து மணிக்குமேல் வயிறு நிறையச் சோறு. எடை ஏறாமல் இருக்கலாம். டிரைகிளிசரைடு ஏறும்.

அடுத்து எண்ணெய். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, இது எல்.டி.எல்.லை ஏற்றும். வீட்டுச் சமையலுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மேல். எந்த எண்ணெயானாலும் மாதத்துக்கு ஒரு ஆளுக்கு அரை லிட்டர் என்ற அளவு போதும். டால்டாவில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லையும் குறைக்கும். எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் ஒரே சட்டியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயை விதி தடுக்காது. நோன்பு மாதத்தில் மாலைதோறும் வாங்கும் பொரித்த பண்டங்களை வாரத்துக்கு ஒருநாள் என்று ஆக்கினாலே பெரிய மாற்றம். நோன்புக் கஞ்சி நல்ல உணவுதான், அதன் பக்கத்துத் தட்டில்தான் பிரச்சினை.

சேர்க்க வேண்டியவை நம் மண்ணிலேயே விளைகின்றன. கம்பு, சோளம், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கீரை, சின்ன வெங்காயம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. தால்சாவில் எலும்பும் கொழுப்பும் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுங்கள். கறி எடுக்கும்போது கொழுப்பை நீக்கச் சொல்லுங்கள். வாரம் இருமுறை மீன், பொரிக்காமல் குழம்பாக. சோற்றை நிறுத்த வேண்டாம், தட்டில் அதன் இடத்தைச் சுருக்கிக் காய்க்கும் பருப்புக்கும் கொடுங்கள்.

நடப்பது எடை குறைக்க மட்டும்தான் என்று ஒல்லியானவர்கள் நடப்பதே இல்லை. நடை டிரைகிளிசரைடைக் குறைக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். நமக்குக் குறைவாக இருப்பது தசை என்பதை மறக்க வேண்டாம்.

மாத்திரை பற்றிய பயம்

சாப்பாடும் நடையும் டிரைகிளிசரைடை நன்றாகவே இறக்கும். ஆனால் எல்.டி.எல். மிக அதிகமாக இருந்தால், குறிப்பாகப் பரம்பரையாக வந்திருந்தால், சாப்பாட்டால் மட்டும் இறங்காது. ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படும். அளவுக்கேற்ப எல்.டி.எல்.லை 30 முதல் 50 சதவீதம் வரை அது குறைக்கும்.

"கல்லீரல் போய்விடும், சாகும்வரை நிறுத்த முடியாது" என்று சொல்லி நிறுத்தச் சொல்பவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள். கடுமையான கல்லீரல் பாதிப்பு மிக மிக அரிது. சிலருக்குத் தசை வலி வரலாம், அப்போது மருத்துவர் மருந்தையோ அளவையோ மாற்றுவார். தொடர்ந்து சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் பழக்கம் அல்ல. நிறுத்தினால் கொழுப்பு பழையபடி ஏறும், அதுதான். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் மட்டும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோன்பு காலத்திலும் இதை விட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான், இஃப்தாருக்குப் பிறகு இரவில் போட்டுக்கொள்ளலாம்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, தேன் கலந்து காய்ச்சினால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருடம்தோறும் சுற்றி வருகிறது. கருஞ்சீரகத்தையும் அப்படிச் சொல்கிறார்கள். உணவாகச் சாப்பிடுங்கள், தடையில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழாயில் பல வருடம் இறுகிய படிவைக் கரைக்கும் கஷாயம் எதுவும் இல்லை.

எப்போது, எங்கே பார்ப்பது?

18 வயதில் முதல் பரிசோதனை எடுக்கலாம் என்கிறது இந்திய இதயவியல் சங்கம். குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே. உலகின் 52 நாடுகளில் நடந்த ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. நாம் 50 வயதுக்குக் காத்திருக்க முடியாது.

விசா மெடிக்கலில் "ஃபிட்" என்று வந்ததை நம்பி இருக்கும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையின் முக்கிய நோக்கம் தொற்றுநோய்களைக் கண்டுபிடிப்பது. இரத்தக் கொழுப்புக்கு அது சான்றிதழ் அல்ல. விடுமுறையில் ஊருக்கு வரும்போது பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நம்பிக்கையான லேப்பிலோ முழு லிப்பிட் பரிசோதனை எடுங்கள். விருந்து சாப்பிட்ட மறுநாள் காலையில் எடுக்காதீர்கள், டிரைகிளிசரைடு பொய்க்கணக்கு காட்டும். மருத்துவர் வெறும் வயிற்றில் வரச் சொன்னால் 9 முதல் 12 மணி நேரம் உணவைத் தவிர்த்தால் போதும், தண்ணீர் குடிக்கலாம்.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரலாம். 108ஐ அழையுங்கள். 2023இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் அதில் உண்டு. திருச்சிக்கோ பெரிய மருத்துவமனைக்கோ போகும் வழியில் அந்த மாத்திரை உயிரைக் காக்கலாம்.

இந்த வாரம் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். தையல் டேப்பை எடுத்து வாப்பாவில் தொடங்கி எல்லோருடைய இடுப்பையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று உம்மாவிடமும் பெரியவர்களிடமும் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். பிறகு வீட்டிலேயே மெலிந்தவர் யாரோ, "எனக்கெல்லாம் எதுக்கு?" என்று சொல்பவர் யாரோ, அவரை முதலில் லேப்புக்கு அழைத்துப் போங்கள்.